முக்கொம்புச் செலவு

செலவு என்னுஞ் சொல்லுக்குப் பண்டைத் தமிழில் வழிச்செல்லுதல் என்பதே பொருள். பொருள்வயிற் பிரியக் கருதிய தலைவன் மனம் ஒருப்படாது தங்கிவிடுதலைச் செலவழுங்குதல் என்று புலவர் கூறினர். இக்காலத்திலோ அச்சொல் கையிலுள்ள பணம் போதலையே குறிக்கின்றது. இவ்விரு பொருளும் ஒரு சொல்லின்கண் வந்து கூடியது எத்துணைப் பொருத்தம் என்பதை விடுதி மாணாக்கர் யாவரும் அறிவர். புறப்படுவோம் என்று எண்ணுமுன்னரே சட்டைப்பையைத் தடவிப் பார்க்க வேண்டியிருத்தலின், எங்கள் செலவுகளிற் பல அழுங்குதலோடே முடிந்துபோகின்றன. சென்ற ஆடித் திங்களில், பதினெட்டாம் பெருக்குக் கழிந்த ஞாயிற்றுக்கிழமையன்று, யாங்கள் நால்வர் அழுங்காது சென்றுவந்த சிறு செலவொன்றை இங்கு எழுதப் புகுகின்றோம்.

எங்கள் அறையில் ஒருவரையொருவர் ஊர்ப்பெயரால் அழைப்பதே வழக்கம். ஆதலின் இங்கும் நண்பர்கள் கோவளத்தார், குளித்தலையார், மணப்பாறையார் என்றே வழங்கப்பெறுவர். நான்காமவர் இதனை எழுதுங் கைக்கு உரியவர். அவரைப்பற்றித் தனியே கூறத்தக்கது யாதுமில்லை.

கோவளம் என்றவுடன் கேரளத்துக் கோவளத்தை நினைத்தல் வேண்டா. இது சென்னைக்குத் தெற்கே மாமல்லபுரம் செல்லும் வழியிலுள்ள மீனவரூர். எம் நண்பரின் தந்தையார் கடற்றொழில் செய்பவர். கட்டுமரத்தை அலை தாண்டிச் செலுத்துவதும், மீளும்போது அலையின் முதுகிலேயே ஏறிக் கரை சேர்வதும் அவர்க்கு நாள்தொழிலாயிருந்தன. (ஆங்கிலேயர் அம்மரத்தையும் அதன் பெயரையும் ஒருங்கே எடுத்துக்கொண்டு இன்று தம் பெருங்கலங்களுக்கும் அப்பெயரை இட்டு வழங்குதல் அன்பர்கள் அறிந்ததே.) தந்தையார்க்குத் தொழிலாயிருந்தது மைந்தர்க்கு விளையாட்டாயிற்று. 2012-ஆம் ஆண்டில் அவ்வூர் மீனவர் ஒருவரும் சென்னை நண்பரொருவரும் கூடி அலைச்சறுக்குப் பள்ளியொன்று தொடங்கினர். மறு ஆண்டே விழாவும் நடந்தது. கடலுக்குச் செல்லும் குடியிற் பிறந்த சிறார் பலகையின்மேல் நின்று அலையில் வழுக்கிவரக் கற்றுப் பிறர்க்குக் கற்பிக்கவும் தொடங்கினர். 2025 ஆகஸ்டுத் திங்களில் ஆசியக் கண்டத்தின் அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடைபெற்றது. எம் நண்பர் அப்பள்ளியிற் பயின்றவர். நடக்கும்போதுகூட அவர் முழங்கால் சற்றே மடிந்திருக்கும்.

விடுமுறைக்கு எங்குச் செல்வது என்னும் ஆராய்ச்சி ஓரிரவு எழுந்தது. கோவளத்தார் தம் கைப்பேசியிற் படமொன்றைக் காட்டினார். மெக்சிக்கோ நாட்டின் பசிபிக் கரையில், வஹாக்கா மாநிலத்தில், பூவெர்த்தோ எஸ்கொந்தீதோ என்றோர் ஊர் உளதாம். அவ்வூரின் சிக்கத்தேலாக் கரையில், நெடுந்தொலைவிலுள்ள தென்கடற் புயல்கள் எழுப்பிவிட்ட அலைகள் வந்து குழாய்போற் சுருண்டு வீழும். அக்குழாயினுள் நுழைந்து வெளிப்படுவதையே வாழ்வின் பயனாகக் கருதும் இளைஞர் பல நாடுகளிலிருந்தும் அங்குச் சென்று, ஓலைக்கூரையின்கீழ்த் தூளிகட்டி உறங்கி, மலிவான உணவு உண்டு, பணம் தீருமட்டும் தங்குவராம். உணவாவது யாது? மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்துத் தட்டிய அடையில், கரையிற் பிடித்த மீனைப் பொரித்து வைத்து, மிளகாயும் எலுமிச்சையும் சேர்த்துச் சுருட்டித் தருவது. கோவளத்துக்கு அலைதேடி வந்த அயல்நாட்டார் சிலர் வாயிலாக இவற்றையெல்லாம் எம் நண்பர் கேட்டறிந்து, சென்றே வந்தவர்போற் கூறினார்.

"அங்கே ஒருமுறை போகவேண்டும்" என்று பெருமூச்செறிந்தார்.

விமானக் கட்டணத்தைக் கணக்கிட்டதில், ஒருவர் சென்று மீள்வதற்கே நால்வரின் விடுதிக் கட்டணமும் போதாதென்று தெரிந்தது. அப்போது குளித்தலையார், "நீர் உண்டு, கரை உண்டு, பொரித்த மீன் உண்டு, எல்லாம் எலமனூருக்குப் பயணச்சீட்டு வாங்கினாற் கிடைக்கும்" என்றார். ஆளுக்கு 150 ரூபாய்க்கு மேற்படலாகாது என்று வரையறை செய்துகொண்டோம். மணப்பாறையார் மட்டும் வாய்திறவாதிருந்தார். பின்னர், "நானும் வருகிறேன்" என்றார். அவர் நீந்தத் தெரியாதவர் என்பதை யாங்கள் அறிவோம். பிறிதொன்றும் அப்போது அறிந்திலோம்.

காலை வண்டியிற் கோட்டை நிலையத்தில் ஏறினோம். ஆளுக்குப் பத்து ரூபாய்ச் சீட்டு. குளித்தலையாரின் தாயார் அனுப்பியிருந்த புளிச்சோறு நான்கு பொதிகளாக வாழையிலையிற் கட்டப்பட்டு அவர் மடிமேலிருந்தது. அதன் மணம் அப்பெட்டியிலிருந்தோர் அனைவரையும் ஒருமுறையேனும் திரும்பிப் பார்க்கச் செய்தது. வண்டி மேற்கு நோக்கிச் செல்லச் செல்ல வலப்புறம் வாழைத் தோட்டங்களும் அவற்றினிடையே காவிரியும் மாறி மாறித் தோன்றின. எலமனூரில் இறங்கி நடந்தோம். ஆடி மாதத்துக் காற்று எதிர்நின்று தள்ளியது. ஒரு கையால் வேட்டியையும் மறு கையாற் சோற்றுப் பொதியையும் காத்துக்கொண்டு குளித்தலையார் நடந்த நடை எங்களுக்குக் காசில்லாக் காட்சியாயிற்று.

முக்கொம்பைப் பாராத திருச்சிராப்பள்ளி மாணாக்கர் இலர். எனினும் அங்கே சென்றவருள் பலர் பூங்காவையும் ஊஞ்சலையும் பார்த்து மீள்வரேயன்றி, அவ்விடம் எதற்கு உண்டாயிற்று என்பதை நினைப்பதில்லை. அகண்டு வரும் காவிரி இங்கே இரண்டாகப் பிரிகின்றது. வடகிளை கொள்ளிடம், தென்கிளை காவிரி. இடையிலே திருவரங்கத் தீவு. கொள்ளிடம் தாழ்ந்து விரைந்து கடலுக்குச் செல்லும் வழி. காவிரியோ மெல்லச் செல்வது, மணலேறி மேடிடுவது. ஆதலின் நீர் ஆண்டுதோறும் கொள்ளிடத்தையே மிகுதியாக நாடிற்று. தஞ்சை வயல்கள் வாடத் தொடங்கின. 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் கொள்ளிடத்தின் தலைப்பிலே குறுக்கணை எழுப்பி நீரைக் காவிரிக்குத் திருப்பினார். அதுவே மேலணை. அடியில்லா மணலின்மேல் அடித்தளம் இடும் வழியைக் கல்லணை கட்டிய பழந்தமிழரிடமிருந்தே கற்றதாக அவர் எழுதியிருத்தல் நினைக்கத்தக்கது. நீர் தான் விரும்பிய வழியில் இங்கே செல்வதில்லை; மக்கள் விரும்பிய வழியிற் செல்லுமாறு வைக்கப்பட்டிருக்கின்றது. ஆனால் அது மறந்துவிடவில்லை. 2018 ஆகஸ்டு 22 இரவில், மேட்டூரிலிருந்து வந்த பெருவெள்ளத்தின்போது, கொள்ளிடத்துப் பழைய அணையின் ஒன்பது மதகுகள் இடிந்து வீழ்ந்தன. பின்னர்ப் புதிய கதவணை கட்டப்பெற்றது.

பாலத்தின்மேல் நின்று கீழே நோக்கினோம். திறந்த கதவுகளின் அடியிலிருந்து பாய்ந்த நீர் சிறிது தொலைவு கண்ணாடிபோல் வழுக்கிச் சென்று, திடீரென எழுந்து, நுரைத்து, ஓரிடத்தே நின்று சுழன்றது. கோவளத்தார் கம்பியைப் பற்றிக்கொண்டு அதனையே நோக்கினார். அவர் முழங்கால்கள் தாமே மடிந்தன.

"அலை!" என்றார். "ஓடாத அலை! பலகை ஒன்று இருந்தால் நாள் முழுதும் இதன்மேலேயே நிற்கலாம்."

அவர் கூறியதில் உண்மை உண்டு. கடலிலே அலை ஓடுகின்றது, நீர் பெரும்பாலும் இருந்தவிடத்திலேயே வட்டமிட்டு நிற்கின்றது. இத்தகைய இடத்திலோ நீர் ஓடுகின்றது, அலை நிற்கின்றது. செருமனி நாட்டு மியூனிக் நகரில் ஐஸ்பாக் என்னும் ஓடையில் இங்ஙனம் நின்ற ஓர் அலையின்மேல் அந்நகரத்து இளைஞர் பல்லாண்டுகள் ஏறி விளையாடியதுண்டு. அங்கும் 2025-ஆம் ஆண்டில் நீரினடியிற் சிக்கி ஒரு பெண்ணுயிர் நீங்கிற்று.

குளித்தலையார் அவர் தோளைப் பற்றினார். "கடலை நீர் அறிவீர், இதனை அறியீர். அந்த நுரை எந்தப் பக்கம் புரள்கிறது பாரும்" என்றார். பார்த்தோம். மேலே மிதந்த கட்டையொன்று ஆற்றோடு கீழே செல்லாமல் மீண்டும் மீண்டும் அணையை நோக்கியே திரும்பிவந்தது, மூழ்கிற்று, எழுந்தது, மறுபடியும் திரும்பிவந்தது. பாயும் நீர் அடியிலே செல்லுகையில் மேல்நீர் பின்னோக்கி உருளும். அதனுள் அகப்பட்ட நீச்சல்வல்லானும் அக்கட்டையின் கதியே அடைவான். கடலிலும் கரையைவிட்டு உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டு. ஆனால் அதனோடு போராடாமற் கரைக்கு இணையாகச் சிறிது நீந்தினால் அதினின்று விலகிவிடலாம் என்பதைக் கோவளத்தார் முன்னரே எங்களுக்குச் சொல்லியிருந்தார். "இங்கே விலகுவதற்குப் பக்கம் ஏது?" என்று குளித்தலையார் வினவினார். அணையின் கீழே நீரரித்த பள்ளமும், ஆற்றிடையே மணல் அள்ளிய குழியும் மேலிருந்து பார்ப்பார்க்குத் தெரியா என்றும், முழங்காலளவு நீரில் ஓரடி எடுத்துவைத்தவர் மறு அடியில் ஆளுயரத்துக்கு இறங்கிவிடுவர் என்றும் கூறினார். எங்கள் அருகிலே, இங்குக் குளித்தலாகாது என்று எழுதிய பலகை இருந்தது. கோவளத்தார் சிறிது நேரம் அக்கட்டையையே பார்த்திருந்துவிட்டு, "சரி" என்றார். கடலறிந்தவர் ஆதலின் அதற்குமேல் வாதித்திலர். மணப்பாறையாரோ கம்பியின் அருகே வரவேயில்லை. பாலத்தின் நடுவிலேயே நின்றிருந்தார்.

பசி வந்தது. கடைகளின் வரிசையில் ஓர் அம்மையார் அகன்ற தோசைக்கல்லில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். மிளகாய்ப்பொடி, மஞ்சள், உப்பு, இஞ்சிபூண்டு இவற்றை அரைத்து அப்பிய மீன்கள் செந்நிறமாகத் தட்டில் அடுக்கப்பட்டிருந்தன. கல்லில் இடுந்தோறும் எழுந்த ஓசையே எங்கள் வரையறையைத் தளர்த்திவிடும்போலிருந்தது. விலை பேசி 240 ரூபாய்க்கு நான்கு பேருக்கு வாங்கினோம். வாழையிலைத் துண்டில் மீன். பக்கத்தில் நறுக்கிய வெங்காயமும் ஓர் எலுமிச்சைத் துண்டும். புளிச்சோற்றுப் பொதிகளை அவிழ்த்து மரநிழலில் அமர்ந்தோம். புளிச்சோறும் பொரித்த மீனும் தம்முள் முரணுமென்று கருதுவார் ஒருமுறை உண்டு பார்ப்பாராக.

மெக்சிக்கோவுக்குச் செல்லவில்லையே என்னுங் குறை கோவளத்தார்க்கு இன்னும் தீரவில்லை. யாங்கள் அவரைத் தேற்றினோம். மெக்சிக்கோ அங்கே அத்தோசைக்கல்லின் மேலேயே இருந்தது. மிளகாய் இந்நாட்டுப் பொருளன்று. மெக்சிக்கோப் பக்கத்தில் மக்கள் பயிரிட்டு வளர்த்தது. போர்ச்சுகீசியர் கப்பலேறிப் பதினாறாம் நூற்றாண்டில் இங்கு வந்து சேர்ந்தது. அதுவரையில் எம்முன்னோர் உறைப்பை மிளகிலேயே கண்டனர். புதிதாய் வந்ததற்கு மிளகின் பெயரோடு காயைச் சேர்த்து மிளகாய் என்று பெயரிட்டு, வந்ததே தெரியாதவாறு வீட்டினுள் வைத்துக்கொண்டனர். தக்காளியும் அத்திசையினின்றே வந்தது; கொய்யாவும் வேர்க்கடலையும் அமெரிக்கக் கண்டத்தனவே. தட்டிலிருந்த ஜிலேபிக் கெண்டையோ ஆப்பிரிக்க நாட்டு மீன். 1952-ஆம் ஆண்டில் இந்தியக் குளங்களுக்குக் கொணரப்பட்டது. ஆப்பிரிக்க மீனுக்கு மெக்சிக்கோ மிளகாய் தடவிக் காவிரிக்கரையில் உண்பவர்க்கு வேற்றுநாட்டுப் பயணம் எற்றுக்கு என்று யாங்கள் கேட்டதற்குக் கோவளத்தார், "அலை?" என்று ஒரே சொல்லால் விடை கூறி, அடுத்த துண்டை எடுத்தார்.

அப்போதுதான் மணப்பாறையாரின் இலையைக் கண்டோம். புளிச்சோறு பாதி குறைந்திருந்தது. மீன் வைத்தவாறே இருந்தது.

ஆடி மாதத்து நோன்போ என்று குளித்தலையார் நகைத்தார். அவர் இல்லையென்று தலையசைத்தார். சிறிது பொறுத்து, "இந்த ஆற்று மீன் நான் உண்பதில்லை" என்றார். பின்னும் சிறிது பொறுத்து, எங்கள் முகத்தைப் பாராமலே சொல்லலுற்றார். அவருடைய பெரியம்மையார்க்கு ஒரே மகன் இருந்தார். எட்டாண்டுகளுக்கு முன், இதே ஆடி மாதத்தில், எங்களைப்போலவே தோழர் சிலரோடு, எங்களைப்போலவே சிறு பணத்தோடு, இவ்வாற்றுக்கு வந்தார். குளிக்க இறங்கினார். அவர்க்கும் நீச்சல் தெரியாது. மூன்றாம் நாள் கீழே வெகுதொலைவிற் கிடைத்தார். அன்றுமுதல் அவ்வீட்டில் ஆற்றின் பெயரை ஒருவரும் எடுப்பதில்லை. திருச்சிக்கு வந்தால் காவிரிப் பாலத்தைக் கடக்கவேண்டுமென்று பெரியம்மையார் திருவரங்கத்துக்கும் வருவதில்லை. "நான் இன்று எங்கே வந்திருக்கிறேன் என்பது வீட்டில் ஒருவர்க்கும் தெரியாது. ஒருமுறை பார்க்கவேண்டும் என்று தோன்றிற்று" என்று முடித்தார்.

எங்களுக்குச் சொல்லத் தோன்றியது ஒன்றுமில்லை. கடைக்கார அம்மையார் கரண்டியைக் கல்லின்மேல் வைத்துவிட்டு எங்கள் பக்கம் வந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"தம்பி, இது ஆத்து மீன் இல்லப்பா. கொளத்துல வளத்த மீனு. காலைல வண்டியில வந்துச்சு. சாப்பிடு சாமி" என்றார்.

அஃது உண்மையோ அன்றோ என்று யாங்கள் கேட்கவில்லை. மணப்பாறையாரும் கேட்கவில்லை. அவ்வம்மையாரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு துண்டு எடுத்து உண்டார். அம்மையார் திரும்பிச் சென்று கல்லில் எண்ணெய் விட்டார்.

காவிரிக்கு இது புதிதன்று. சேரர்குடியிற் பிறந்த ஆட்டனத்தி நீர்விளையாட்டிற் பெயர்பெற்றவன். கழார்த் துறையிற் புதுப்புனல் விழாவில் ஆடிக்கொண்டிருந்தவனைக் காவிரி வவ்விக்கொண்டது. அவன் காதலி ஆதிமந்தி கரைவழியே அரற்றிக்கொண்டு ஆறு செல்லுமட்டும் சென்றாள். பரணர் அதனை அகநானூற்றிற் பலகாலும் நினைந்து பாடுகின்றார், இளங்கோவடிகளும் கூறுகின்றார். நூல்களில் ஆதிமந்தி தன் காதலனைப் பெற்றாள் என்று முடிகின்றது. நாம் புனலாட்டைப் பற்றிய செய்யுட்களை வகுப்பிற் படிக்கின்றோம், பரிபாடலின் வையைப் பாடல்களிற் புணைதழுவி ஆடுவாரையும் நீரிற் பாய்வாரையும் கண்டு வியக்கின்றோம், தேர்விலும் எழுதுகின்றோம். ஆனால் அவற்றைப் பாடம் சொல்லும் வகுப்பில் நீந்த அறிந்தார் எத்துணையர் என்று எண்ணிப் பார்த்தால் இரு கைவிரல்கள் மிகுதி.

இதற்குக் காரணம் அச்சம் மட்டுமன்று. மணப்பாறைப் பக்கத்தில் ஆறில்லை. ஆயினும் முன்னெல்லாம் சிறுவர் நீந்தினர். தோட்டந்தோறும் படியிறங்கும் கிணறு இருந்தது. இடுப்பிலே காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிப் பாட்டனார் கிணற்றில் இறக்கிவிடுவார். ஒரு கோடையிற் குடுக்கை வேண்டாதுபோய்விடும். ஆழ்துளைக் கிணறு வந்தபின் படிக்கிணறுகள் வற்றின, தூர்ந்தன. ஆறங்குல வாயுடைய குழாயினுள் யாவர் நீந்துவர்? ஆற்றங்கரை ஊர்களிலோ ஆறு குழிகளாயிற்று, பெற்றோர் பிள்ளைகளைத் தடுத்தனர், தடுத்ததும் நன்றே. தடைப்பலகையின்மேல் எங்களுக்கு வெறுப்பில்லை. அது வைக்கத்தக்க இடத்திலேதான் வைக்கப்பட்டிருக்கின்றது. ஆயின் அப்பலகை இறங்காதே என்று சொல்லுமேயன்றி, இறங்கியவன் என்செய்வது என்று சொல்லாது. கோவளத்தில் மீனவர் பிள்ளைகளுக்கு அதனைச் சொல்லித்தர ஆளுண்டு; அலைமேல் நிற்குமுன் நீரில் விழும் வகையைத்தான் அங்கே முதலிற் கற்பிப்பராம். இரண்டு ஆறுகளை இருபுறமும் வைத்துக்கொண்டிருக்கும் இந்நகரத்தில் எங்கள் பருவத்தார்க்கு அதனைச் சொல்வார் அரியர்.

குளித்தலையார் எழுந்து இலைகளைச் சுருட்டினார். "என் மாமா ஊர் பெருகமணிக்கு அருகில். வாய்க்காலில் இடுப்பளவு நீர்தான் போகும். வாரும்" என்றார். யாரை வாரும் என்றார் என்பது எல்லார்க்கும் விளங்கிற்று.

பேருந்திற் சென்றிறங்கினோம். மாமா வாழைத்தோட்டத்தில் தார் வெட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டவுடன் ஒரு சீப்புப் பழத்தைக் கையிற் கொடுத்துவிட்டுத்தான் பேசவே தொடங்கினார். வந்த காரியத்தை மருமகன் அவர் காதோடு கூறினார். அவர் மணப்பாறையாரை ஏறெடுத்துப் பார்த்து, ஒன்றும் வினவாது, வெட்டிக் கிடந்த வாழைமரமொன்றை நடுவே தறித்துத் தோளில் ஏற்றிக்கொண்டு வாய்க்காலுக்கு நடந்தார்.

வாழைமரம் நீரில் மிதப்பது பலரும் கண்டது. அதன் பட்டைகளினுள்ளே காற்றறைகள் நெருங்கியிருத்தலே காரணம். காவிரிப் பக்கத்துச் சிறுவர் தலைமுறை தலைமுறையாக அதனைத் தழுவியே நீந்தக் கற்றனர். மாமா முதலில் தாமே இறங்கி, கோலொன்றால் வாய்க்காலின் அடியை இருபது அடி நீளத்துக்குக் குத்திப் பார்த்தார். பிறகு மணப்பாறையாரை அழைத்தார். படியின்மேல் நின்றவர் நெடுநேரம் நின்றார். எவரும் விரைவுபடுத்தவில்லை. ஒரு காலை வைத்தார். மறு காலையும் வைத்தார். வாழைத்துண்டைத் தழுவிக்கொண்டு சிறிது நேரம் காலை உதைத்தார். அதன்பின் மாமா அத்துண்டை நீக்கி, அவரை மல்லாந்து படுக்கச் சொல்லி, முதுகின்கீழ்த் தம் உள்ளங்கையை வைத்தார்.

"தலைய தூக்காத தம்பி. காது ரெண்டும் தண்ணிக்குள்ள இருக்கணும். மூச்ச இழுத்து நிறுத்து. தண்ணிதான் உன்னத் தூக்குது, நான் சும்மா கைய வச்சிருக்கேன்" என்றார்.

முதன்முறை அவர் தலையைத் தூக்கினார். உடனே கால் தாழ்ந்தது. நீர் குடித்து இருமி எழுந்தார். அச்சம் தலையைத் தூக்கச் செய்கின்றது. தூக்கிய தலையின் பாரமே உடம்பை ஆழ்த்துகின்றது. இரண்டாம் முறையும் அவ்வாறே. ஐந்தாம் முறையோ ஆறாம் முறையோ, மாமாவின் கை நீருக்கு வெளியே வந்து தம் மீசையைத் தடவிக்கொண்டிருந்ததைக் கண்டோம். மணப்பாறையார் அதனை அறியார். கண்களை மூடி, இரு கைகளையும் விரித்து, வாய்க்காலின் மெல்லோட்டத்தில் ஒரு சருகுபோலச் சிறிது சிறிதாக நகர்ந்துகொண்டிருந்தார். கோவளத்தார் மெல்ல எண்ணினார். இருபத்துமூன்று வரை எண்ணினார்.

அதன்பின் கோவளத்தாரை நிறுத்துவார் யாருமில்லை. இரண்டு வாழைத்துண்டுகளை மூங்கிற் குச்சியாற் கோத்து இணைத்துத் தம் மெக்சிக்கோவை அவ்வாய்க்காலிலேயே நிறுவினார். முழந்தாளிட்டார், எழுந்து நின்றார், மூன்று மூச்சு நேரம் அலையில்லாத நீரில் அலைச்சறுக்கு வீரராக விளங்கினார். நான்காம் மூச்சில் தெப்பம் புரண்டது. கரையிலே துணி துவைத்துக்கொண்டிருந்த மூதாட்டியார், "ஏம்ப்பா, படிக்கிற புள்ளைங்களா நீங்க?" என்று கேட்டார். இவ்வினாவுக்கு எங்களிடம் விடையில்லை.

பெருகமணியில் மாலை வண்டி ஏறினோம். வண்டி, பேருந்து, நுழைவுக் கட்டணம், தேநீர், மீன், வெள்ளரிப் பிஞ்சு எல்லாம் கூட்டியும் வரையறைக்குள்ளேயே நின்றது. மீதியிருந்த தொகையை மணப்பாறையாரிடமே கொடுத்தோம், நகரிலுள்ள நீச்சற்குளத்தின் கட்டணத்துக்கு அது போதாது, ஆயினும் வாங்கிக்கொண்டார். சன்னலருகே அமர்ந்து, இம்முறை இடப்புறம் தோன்றித் தோன்றி மறைந்த ஆற்றைக் கோட்டை நிலையம் வரையிற் பார்த்துக்கொண்டே வந்தார்.

அன்றிரவு அவர் தம் பெரியம்மையாரோடு கைப்பேசியிற் பேசினார். யாங்கள் அறையிலேயே இருந்தமையின் அவர் கூறியவற்றைக் கேட்டோம். அம்மையார் கூறியவற்றை அவரே பின்பு எங்களுக்குச் சொன்னார்.

"எங்கய்யா போயிருந்தே, நாளெல்லாம் போனே எடுக்கல?"

"முக்கொம்புக்குப் போயிருந்தேன் பெரியம்மா."

நெடுநேரம் மறுபுறத்தில் ஒலியில்லை. வைத்துவிட்டாரோ என்று அவர் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். வைக்கவில்லை.

"தண்ணி நெறைய போவுதா?" என்று கேட்டாராம்.

"ரெண்டு கரையும் தொட்டுப் போவுது பெரியம்மா" என்றார் எம் நண்பர்.